பத்தொன்பது டெசிபல் வீடு

லிஃப்ட்காரரை அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும், முகம்தான் யாருக்கும் தெரியாது. வேலை அப்படி. பதினாறு மாடிக் கட்டடத்தின் உச்சியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு சின்ன அறையில், மோட்டாருக்கும் கம்பிவடத்துக்கும் நடுவில் மண்டிபோட்டு ரிப்பேர் பார்ப்பார். கீழே ஜனங்கள் பொத்தானை அமுக்குவார்கள். பெட்டி வராவிட்டால் அவரை நினைப்பார்கள். வந்துவிட்டால் ஏறிக்கொண்டு போய்விடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. வீட்டில் பேச ஆள் இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகவே அவருக்குப் பட்டதில்லை.

மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள், கடல் தாண்டிய ஊரில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். இங்கே சாயங்காலம் என்றால் அங்கே காலை. ஃபோனில் கூப்பிட்டால் சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று இவர் கேட்பார். அவளும் சாப்பிட்டிருப்பாள். அதோடு இருவருக்கும் கையிருப்பு தீர்ந்துவிடும். "வேற என்னப்பா?" என்பாள். பேச்சு முடிந்தது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் மணி.

ஒருநாள் அவளே ஒரு யோசனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கம்ப்யூட்டரில் ஒரு கேம் ஆடுவாளாம்.

"சண்டையெல்லாம் கிடையாதுப்பா. ஒரு மலை இருக்கு, ஒரு ஏரி இருக்கு. சும்மா நடக்கணும். நீங்களும் வந்தீங்கன்னா பக்கத்துல பக்கத்துல நடந்துக்கிட்டே பேசலாம். மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது."

அவருக்கும் அப்படித்தான். அடுத்த வாரமே கடைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அந்த மலையில் இருக்கிற ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாக ஆட்டிக் காட்டுவதற்குக் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வேண்டுமாம். செங்கல் கனத்தில், மூன்று ஃபேன் வைத்த, யாரோ ஒருத்தர் ஏற்கெனவே ஆண்ட கார்டு ஒன்று உள்ளே உட்கார்ந்தது.

முதல் ஞாயிறு நாலு மணிக்கு மலைக்குப் போனார். நேராக ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றார். மகள் வந்து திருப்பி விட்டாள். சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவர் கணக்குப் போடுவதற்குள் கார்டின் மூன்று ஃபேனும் கிளம்பிவிட்டன.

"அப்பா, ஹேர் டிரையர் போடுறீங்களா?"

அவருக்கு வழுக்கை விழுந்து பதினைந்து வருஷம். கார்டு சத்தம் என்று விளக்கினார். அந்த விளக்கமும் சத்தத்தில் போயிற்று. என்னப்பா, என்னப்பா என்று நாலைந்து முறை கேட்டுவிட்டு, எனக்குத் தலை வலிக்கிறது, இதைச் சரி பண்ணிவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் நடக்கலாம் என்று மகள் போய்விட்டாள். ஏரிக்கரையில் அவர் மட்டும் நின்றார். புல் தனித்தனியாக ஆடியது.

கடைக்காரரிடம் கேட்டபோது, இதெல்லாம் பெரிய விஷயம், மன்றத்தில் கேளுங்கள் என்று ஒரு விலாசம் எழுதிக்கொடுத்தார். அதிவேக வரைகலை அட்டை உரிமையாளர் மன்றம், பெயிண்ட் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

மன்றத்துக் கூடத்தில் சுவர் நிறையச் சட்டம் போட்ட படங்கள். முன்னாள் தலைவர்களாக்கும் என்று அவர் கைகூப்பப் போனார். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் கார்டுகள். கீழே பிறந்த தேதி, உச்ச வேகம், உச்ச வெப்பம், சிலவற்றுக்கு மறைந்த தேதி.

கூட்டம் தொடங்கியதும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கார்டு வேகச் சோதனையில் வாங்கின மதிப்பெண், அதன் சூடு, சத்தம் மூன்றையும் சொல்லி உட்கார்ந்தார்கள். பெயரை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மதிப்பெண்தான் அங்கே பெயர். "இருபத்திரண்டாயிரத்து நானூறு இன்னைக்கு வரல, அவங்க மாமியார் தவறிட்டாங்க" என்று செயலாளர் அறிவித்தார். "இருபத்தொண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் துக்கத்துக்குப் போயிருக்கார்."

மன்றத்தில் இரண்டு அணி. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே கார்டை விரட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அதைச் செய்கிறவர்கள் வேக அணி, சன்னலோரம் உட்காருவார்கள். சத்தமே வரக்கூடாது என்கிறவர்கள் மௌன அணி, சுவரோரம் உட்காருவார்கள். மூன்று மதிப்பெண் தகராறில் இரண்டு வருஷமாக ஓர் அணி மற்ற அணியோடு பேசுவதில்லை. நடுவில் ஒற்றை நாற்காலியில் ஒலிமானியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். அவர் இரண்டு தரப்புக்கும் அளந்து கொடுக்கிறவர். எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பதால் அவரோடு யாருமே பேசுவதில்லை. மீட்டர்காரர் என்று கூப்பிட்டார்கள், அளக்க வேண்டியிருந்தால்.

லிஃப்ட்காரர் தயங்கித் தயங்கித் தன் கேள்வியைக் கேட்டார். ஃபேன் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா? செயலாளர் ஒரு படிவத்தை எடுத்தார். சத்தம் எதற்காகக் குறைய வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். போட்டிக்காக, பதிவுக்காக, கௌரவத்துக்காக என்று மூன்று விடை. மகளோடு பேசுவதற்காக என்று இவர் சொன்னார். செயலாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். கடைசியில் கௌரவம் என்று டிக் போட்டு, முதலில் வீட்டுக்கு ஆள் வந்து அளந்து ஒலிச் சான்றிதழ் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் கேள்வி கேள்வியாகும் என்றார்.

இதற்குள் இவர் கேம் ஆடுகிற விஷயம் கூடத்தில் பரவிவிட்டது. தலைவர் எழுந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எழுந்து நின்றாலே முத்திரை குத்தின மாதிரி இருக்கும்.

"நண்பர்களே! இந்தப் புதிய உறுப்பினர் தம் கார்டில் கேம் விளையாடுவதாக அறிகிறேன். யாரும் அவரை இழிவாகப் பார்க்க வேண்டாம். நாமும் ஒரு காலத்தில் விளையாடியவர்கள்தான். நானே கடைசியாக ஒரு கேமைத் திறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. திறந்தால் கார்டு தேயும். கார்டு தேய்ந்தால் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால், நண்பர்களே, நான் யார்?"

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அளவெடுக்கும் குழு ஒரு புதன்கிழமை வந்தது. மீட்டர்காரரும், சாட்சிக்கு அணிக்கு ஒருவரும். வாசலிலேயே காலணியைக் கழற்றிக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றி அலமாரியில் படுக்கவைத்தார்கள். சொட்டுகிற குழாய்க்குக் கீழே பஞ்சு வைத்தார்கள். கார்டை ஓடவிடுவதற்கு முன்னால் வீட்டின் சொந்தச் சத்தத்தை அளக்க வேண்டுமாம். அதற்கு அடிப்படை ஒலி என்று பெயர். நாற்பது வினாடி யாரும் மூச்சுவிடக்கூடாது.

நாற்பது வினாடி முடிந்ததும் மீட்டர்காரர் ஒலிமானியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தார். மன்றம் தொடங்கியதிலிருந்து எந்த வீடும் இருபத்தாறுக்குக் கீழே இறங்கியதில்லை. இது பத்தொன்பது.

"வீட்ல வேற யாரும் இல்லீங்களா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"இல்லைங்க."

"வெளியில போயிருக்காங்களா?"

"இல்லைங்க. யாருமே இல்லை."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

மீட்டர்காரர் தலையாட்டிவிட்டு, குறிப்பேட்டில் 'நிலையானது' என்று எழுதினார். எழுதின பிறகும் கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டை ஓடவிட்டு அதன் சத்தத்தையும் அளந்தார்கள், ஆனால் அதில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. நாற்பத்தெட்டு என்று ஒப்புக்குக் குறித்துக்கொண்டு, செய்தியைச் சொல்ல இறங்கி ஓடினார்கள்.

அடுத்த கூட்டத்தில் லிஃப்ட்காரருக்குப் பாராட்டு. மேடையில் உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்பது பேர் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் கூரையில் மின்விசிறி மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்தார்.

"இப்படிப்பட்ட மௌனத்தை உருவாக்க நாம் என்ன பாடு படுகிறோம்!" என்றார் தலைவர். "நான் சுவருக்கெல்லாம் பஞ்சு அடித்தேன். கிளியைத் தானம் கொடுத்தேன். என் மனைவியைக்கூட அவர் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன், இன்னும் திரும்பி வரவில்லை. அப்படியும் இருபத்தேழு. ஆனால் இந்த எளிய மனிதர், எந்தச் செலவும் இல்லாமல், மூன்றே ஆண்டுகளில் பத்தொன்பதைத் தொட்டிருக்கிறார். எப்படி முடிந்தது என்று கேட்டேன். தன்னால் ஆயிற்று என்கிறார். என்ன அடக்கம், பாருங்கள்."

அந்தக் கூட்டத்திலேயே அவர் வீடு மன்றத்தின் அடிப்படை வீடாக அறிவிக்கப்பட்டது. இனி எல்லாக் கார்டுகளையும் அங்கே வைத்துத்தான் அளப்பார்கள். கட்டடம் மொத்தமும் தூங்கி வழிகிற நேரம் ஞாயிறு நாலு மணி, ஆகவே ஞாயிறு நாலு மணி. லிஃப்ட்காரர் வாயெடுத்தார். அது மகளின் நேரம். நாலே நாலு ஞாயிறு கொடுங்கள், உங்கள் கேள்வியை மன்றத்தின் ஃபேன் குழு முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும் என்று செயலாளர் காதோரம் சொன்னார். சத்தம் நின்றால்தானே மகளோடு பேச முடியும் என்று இவரும் சரி என்றார்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆள் வரப்போகிறது.

முதல் ஞாயிறு வாசலில் ஒன்பது ஜோடிக் காலணி. அதை அவர் இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தேநீர் போட்டு வைத்திருந்தார், பிஸ்கட் வாங்கியிருந்தார். உறிஞ்சினால் முப்பத்தைந்து டெசிபல், கடித்தால் நாற்பது என்று மீட்டர்காரர் சங்கடத்தோடு சொன்னார். தேநீர் ஆறிற்று. ஒன்பது பேரும் சுவரோரமும் சன்னலோரமுமாக உட்கார்ந்து, மாற்றி மாற்றிக் கார்டை ஓட்டி, மாற்றி மாற்றி மூச்சை அடக்கினார்கள். போகும்போது ஆளுக்கொரு தலையசைப்பு. வீட்டில் ஆள் இல்லாமல் இருப்பதற்கும் ஒன்பது பேர் வந்து பேசாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவர் யோசித்துப் பார்த்தார். கழுவுவதற்கு ஒன்பது கோப்பை அதிகம்.

மகளுக்கு, இந்த ஞாயிறு முடியாது, வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார். "அட, யாருப்பா? நல்லதாப் போச்சு" என்று பதில் வந்தது. இரண்டாவது ஞாயிறும் அதையே அனுப்பினார். "சரிப்பா" என்று வந்தது. மூன்றாவது ஞாயிறு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

அந்த மூன்றாவது ஞாயிறுதான் வேக அணியின் இருபத்திரண்டாயிரத்து நானூறு, மாமியார் காரியம் முடிந்த கையோடு வந்து, தன் கார்டை இருபத்து மூவாயிரத்துக்கு விரட்டினார். இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒரு கருகல் வாடை வந்தது. திரை இருண்டது. அவர் முழங்காலில் சரிந்து தன் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டார். மாமியாருக்கு அழாத கண்ணீரெல்லாம் அங்கே வந்தது. இரண்டு அணியும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனம் அனுசரித்தன. மௌனம் முடிந்ததும், எங்கள் பக்க மௌனம்தான் ஆழமாக இருந்தது என்று மௌன அணி சொல்ல, துக்கம் எங்களுடையது, நீங்கள் எப்படி எங்களை முந்தலாம் என்று வேக அணி பாய, மீட்டர்காரரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு, சமம் என்று அவர் சொன்னார். இரண்டு பக்கமும் அவரை முறைத்தன.

மறுநாள் லிஃப்ட்காரர் ஒரு கட்டடத்தின் உச்சியறையில் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காது அடைக்கிற சத்தம். கீழே பெட்டியில் யாரோ ஒரு அம்மாவும் குழந்தையும் நிம்மதியாகப் பேசிக்கொண்டே இறங்குவது, மோட்டார் நின்றதும் குழாய் வழியாக வருவதுபோல மேலே வந்தது. எண்ணெய்க் குப்பியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் மோட்டாரை யாராவது ஆள் நிற்கிற பெட்டிக்குள் வைப்பார்களா? முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற விஷயம்.

சாயங்காலமே நீளமான கேபிள் வாங்கிவந்து, கம்ப்யூட்டர் பெட்டியைச் சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே வைத்துக் கதவைச் சாத்தினார். திரையும் ஹெட்ஃபோனும் கூடத்து மூலையில். மலைக்குப் போய்ப் பார்த்தார். ஏரியில் தண்ணீர் தளும்புவது கேட்டது. அந்த ஏரிக்குச் சத்தம் உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மன்றத்துக்குப் போய்ச் சொன்னார். பிரச்சினை தீர்ந்துவிட்டது, கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன், ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபேன் குழு இன்னும் கேள்வியை ஏற்கவே இல்லை, ஏற்காத கேள்வியைத் திரும்பப் பெற விதி இல்லை என்றார் செயலாளர். தீர்வு எப்படி வந்தது என்றும் கேட்டார். பெட்டியை அடுத்த அறையில் வைத்தேன் என்றதும் கூடத்தில் சலசலப்பு. கார்டை விட்டு அகலுவதா? மௌன அணியில் ஒருவர், இது கோழைத்தனம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். வருகிற ஞாயிறு ஆண்டுப் போட்டி, அதை மாற்ற முடியாது என்றார்கள்.

"என் வீடுங்க அது" என்றார் லிஃப்ட்காரர்.

"வீடு உங்களுடையது, யார் மறுத்தார்கள்?" என்றார் தலைவர். "மௌனம் மன்றத்துடையது. பதிவாகிவிட்டது."

சனிக்கிழமை மகளுக்கு எழுதினார். எழுதி எழுதி அழித்தார். கடைசியில், சத்தம் நின்றுவிட்டது, நாளைக்கு நாலு மணிக்கு வருகிறாயா, அப்பா காத்திருப்பேன் என்று அனுப்பினார். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலமாக இரண்டு டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

ஞாயிறு ஒன்பது பேரும் வந்தார்கள். கடிகாரம் போர்வைக்குள் போனது. லிஃப்ட்காரர் மூலையில் திரைக்கு முன்னால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் அசையாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். மீட்டர்காரர் கையை உயர்த்தினார். போட்டிக்கு முன்னால் அடிப்படை ஒலி, நாற்பது வினாடி. ஒன்பது பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

ஏரிக்கரையில் மகள் வந்து நின்றாள்.

"அப்பா? அட, நெசமாவே சத்தம் இல்லை. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேம்மா." உதடு அசையாமல் சொன்னார்.

"ஏன் ரகசியமாப் பேசுறீங்க?"

"வீட்ல ஆள் இருக்காங்க."

"யாரு?"

"ஒன்பது பேரு."

தண்ணீர் தளும்பியது. மீட்டர்காரர் விழி பிதுங்க இவரைப் பார்த்தார். தலைவர் முகம் சிவந்து, மூச்சை விடவும் முடியாமல், விரலை உதட்டில் வைத்து அழுத்தினார்.

"ஒன்பது பேரு இருக்காங்கன்னா ஏம்ப்பா ஒரு சத்தமும் இல்லை?"

"அவங்க பேசமாட்டாங்கம்மா."

"ஏன்?"

அவர் ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கிவிட்டார். மகளின் குரல் கூடம் முழுக்க விழுந்தது.

"யாராவது இருக்கீங்களா? வணக்கங்க. அப்பா பக்கத்துல யாராவது இருந்தா ஒரு வார்த்தை பேசுங்க, சும்மா."

ஒலிமானி ஐம்பத்திரண்டுக்குத் தாவியது. லிஃப்ட்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சன்னலோரம் பார்த்தார், சுவரோரம் பார்த்தார். இருபத்தொன்றாயிரத்துத் தொள்ளாயிரம் கண்ணை மூடிக்கொண்டார். கார்டை இழந்தவர் குனிந்துகொண்டார். மீட்டர்காரரின் வாய் திறந்தது. திறந்த வாயோடு தன் கையிலிருந்த கருவியைப் பார்த்தார், இன்னும் பதினோரு வினாடி இருந்தது, மூடிக்கொண்டார்.

"சரிப்பா" என்றாள் மகள். குரல் இறங்கிவிட்டது. "நாலு வாரமா ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்கன்னு சொன்னீங்க. நான் கவலைப்படக்கூடாதுன்னுதானே சொல்றீங்க? வேண்டாம்ப்பா. தனியா இருந்தா தனியா இருக்கேன்னே என்கிட்ட சொல்லலாம்."

அவர் மறுபடி ஒருமுறை ஒன்பது பேரையும் பார்த்தார். யாரையும் குறையாகப் பார்க்கவில்லை. எண்ணிச் சரிபார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார், உரக்கவே. "தனியாத்தான் இருக்கேன்."

அந்த முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், நடங்கப்பா, இப்படி ஏரியைச் சுத்திப் போகலாம் என்றாள். நடந்தார்கள். அம்மா போனதிலிருந்து ராத்திரியில் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன் என்று அவர் சொன்னார். இங்கே நானும் அப்படித்தான் என்று அவள் சொன்னாள். பல்லைக் கெடுக்கிற ஒரு பழக்கம் அவளுடைய பல் டாக்டருக்கே இருப்பதைச் சொல்லிச் சிரித்தாள். இவர் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டார். அவள் வந்து திருப்பி விட்டாள். ஏரி பெரிய ஏரி. ஒரு சுற்று வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று, 'வேற என்ன' என்று இருவருமே கேட்கவில்லை.

மன்றத்தின் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில், அடிப்படை வீட்டில் மனிதக் குரல் காணப்பட்டதால் ஆண்டுப் போட்டி ரத்து, வீட்டின் பதிவு நீக்கம் என்று எழுதியிருக்கிறது. கீழே தலைவர் கையெழுத்து.

அவர்கள் எப்போது எழுந்தார்கள், எப்போது பெட்டிகளைத் தூக்கினார்கள், எப்போது கதவைச் சாத்தினார்கள் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்த ஒரு விஷயத்தில் மன்றத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு மனிதனை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போவதில் அவர்கள் அவ்வளவு பயிற்சி பெற்றவர்கள்.